கூதல் நாட்குறிப்பு

டிசம்பர் 7, 2022, புதன்

மழை பெரிதில்லை. காற்றுதான் நிற்கவே இல்லை. ஐயா பட்டிக்குப் போய்விட்டு முழங்கால் வரை சேற்றோடு வந்தார். எங்கள் பசு சுட்டியும் கன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றனவாம்.

டிசம்பர் 8, வியாழன்

விடிந்தது தெரியவில்லை. எட்டு மணிக்கும் ஆறு மணி வெளிச்சம். முற்றத்தில் நின்றால் பனிமூட்டம் போலத் தெரிகிறது, ஆனால் மூக்கில் புகை மணம். கண் எரிகிறது. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான் என்று மாமி எடுத்துச் சொன்னா. வட இந்தியப் பக்கத்துத் தூசும் புகையும் காற்றோடு இறங்கியிருக்கிறதாம். நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று வானொலியில் சொன்னார்கள். எங்கள் முன்பள்ளியும் இல்லை. சின்னதுகளின் நெஞ்சு தாங்காது, நல்லது.

புயலின் பெயர் மாண்டஸ். ஐக்கிய அரபு அமீரகம் வைத்த பெயராம், பெட்டகம் என்று பொருள்.

கையை அடுப்புக்கு நேரே பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் இருபதுக்கு மேலேதான் காட்டுகிறது. ஆனால் எனக்குப் பல் கிட்டுகிறது. ஐயா இரவு பட்டியிலேயே படுக்கப் போகிறேன் என்கிறார். அறுபத்தாறு வயது. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. தறப்பாளும் தீப்பெட்டியும் ஷொப்பிங் பையில் சுற்றிக் கொடுத்தேன்.

டிசம்பர் 9, வெள்ளி

இதை எழுதாமல் படுக்க முடியாது.

காலை ஐந்தரைக்கு ஐயா வாசலில் வந்து நின்று "பிள்ளை, சாக்கு இருக்கிறதெல்லாம் எடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நெல்லுச் சாக்கு, என் பழைய போர்வை, அம்மாவின் சேலை இரண்டு, எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனேன். காட்டுக்கரை முழுக்கத் தண்ணீர். மாடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வாடைக்கு முதுகைக் காட்டி நின்றன. நாலைந்து நிற்கவில்லை.

முதலில் அவை படுத்திருக்கின்றன என்றுதான் நினைத்தேன்.

சுட்டியின் கன்று உயிரோடிருந்தது. பிறந்து இருபத்திரண்டு நாள். நானும் ஐயாவும் அதைத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுவந்தோம். காதைத் தொட்டால் கிணற்றுக்கட்டைத் தொட்டது போல இருந்தது. வாய்க்குள் விரலை வைத்தேன், உள்ளேயும் சூடில்லை. மயிர் தோலோடு ஒட்டிப்போய், விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணலாம் போல. சாக்கால் தேய்த்தேன். ஐயா ஈர விறகில் நெருப்பு மூட்டப் பார்த்தார், புகைதான் வந்தது. கன்று நடுங்கிக்கொண்டே இருந்தது, தோல் தனியாக ஓடுகிற மாதிரி ஒரு நடுக்கம். அரை மணித்தியாலம் இருக்கும், நடுக்கம் நின்றது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "ஐயா, கூதல் விட்டிட்டுது" என்று கத்தினேன். ஐயா திரும்பிக் கன்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நெருப்பு ஊதுவதை விட்டுவிட்டு அப்படியே குந்தியிருந்தார்.

நடுங்குகிற வரைக்கும்தான் உடம்பு சூட்டுக்காகச் சண்டை பிடிக்கிறதாம். அந்தப் பலம் தீர்ந்தால் நடுக்கம் நின்றுவிடும். பின்னேரம் வந்த கால்நடை வைத்தியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐயாவுக்கு முன்னமே தெரியும்.

டிசம்பர் 10, சனி

பதினொன்று.

டிசம்பர் 11, ஞாயிறு

புயல் நேற்று முன்தினம் இரவே மாமல்லபுரத்துப் பக்கம் கரை ஏறிவிட்டது. எங்களை மோதவே இல்லை. கடலில் தூரமாகப் போனது. போகிற போக்கில் வடக்கிலிருந்து வறண்ட குளிர்காற்றை இழுத்து எங்கள் மேல் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு என்று எல்லா இடத்திலும் மாடும் ஆடும் விழுந்திருக்கின்றன. ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வடக்குக் கிழக்கிலிருந்து இறைச்சி கொண்டுபோகத் தடை.

தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கொரு கதை. இந்தியாவிலிருந்து வந்த நஞ்சுப் புகை என்கிறார் ஒருவர். புது நோய், மறைக்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். வெட்டிப் பார்த்து மாதிரி எடுத்த வைத்தியர்கள் குளிர்தான் என்கிறார்கள். "இருபது பாகைக்கு மாடு சாகுமா?" என்று யாராவது கேட்டால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. காய்ந்த உடம்புக்கு இருபது ஒன்றுமில்லை. இரண்டு நாள் நனைந்து, வயிற்றில் புல்லில்லாமல், காற்றில் நிற்கிற உடம்பு வேறு. நீர் காற்றை விட இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மாட்டுக்கு அடுப்பு அதன் வயிறுதான், இரை செமிக்கும்போதுதான் சூடு பிறக்கிறது. அடுப்பில் விறகே இல்லை.

குடும்ப வட்ஸ்அப் குழுவில் கன்றின் படத்தைப் போட்டேன். கனடாவில், ஸ்காபரோவிலிருந்து அண்ணா குரல் அனுப்பினான். "நாங்கள் மைனஸில வேலைக்குப் போறம். பூமி சூடாகுது எண்டு ஊரெல்லாம் கத்துறாங்கள், உங்களுக்குக் குளிரில மாடு சாகுது. இதில எது உண்மை?" அவன் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்கிறான், எனக்குத் தெரியும். ஆனாலும் சுட்டி இரவு முழுக்கக் கதறினதைக் கேட்ட எனக்கு அதற்குப் பதில் எழுத வரவில்லை.

டிசம்பர் 13, செவ்வாய்

நட்டஈட்டுக்குப் பதியப் போனோம். காதில் இலக்கத் தோடு இருந்த மாடுகளுக்கு மட்டும் எழுதினார்கள். கன்றுக்குத் தோடு இல்லை. மூன்று மாட்டை ஐயா மணம் தாங்காமல் முன்னமே புதைத்துவிட்டார், படம் இல்லை. ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்று, எதுவும் பேசாமல், தலைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

டிசம்பர் 14, புதன்

வெயில். இவ்வளவு நல்ல வெயில். எங்கே போயிருந்தாய்?

டிசம்பர் 16, வெள்ளி

மார்கழி முதல் நாள். சுட்டி இன்னும் அந்த மேட்டுக்குத்தான் போகிறது. கன்று கிடந்த இடத்தை மோந்துவிட்டு நிற்கிறது. மடி கட்டியிருக்கிறது. கறக்க விடவில்லை.

டிசம்பர் 18, ஞாயிறு

அண்ணாவுக்குப் பதில் சொல்லிப் பார்த்தேன். நாலு முறை குரல் பதிந்து நாலு முறையும் அழித்தேன். இங்கேயே எழுதுகிறேன்.

ஒரு நாள் குளிரைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்காடுவது புதிதில்லை. 2015 பெப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் சபைக்குள்ளேயே பனிக்கட்டி உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்று எறிந்தார். அதற்கு முந்திய 2014தான் அதுவரை பதிந்ததிலேயே சூடான ஆண்டு என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். 2019 ஜனவரிக் குளிரில் டிரம்ப், புவி வெப்பமே, சீக்கிரம் திரும்பி வா என்று எழுதினார். வானிலை என்பது இன்றைய நாள். காலநிலை என்பது முப்பது வருசக் கணக்கு. முன்பள்ளிச் சின்னதுகளுக்குக்கூட இதைச் சொல்லலாம்: ஒரு நாள் நீ சோறு சாப்பிடாவிட்டால் நீ வளரவில்லை என்று ஆகுமா?

ஆர்க்டிக் பக்கம் 1979க்குப் பிறகு உலகத்துச் சராசரியை விடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது என்று இந்த வருசம்தான் ஓர் ஆய்வு வந்தது. அதனால் வடதுருவக் குளிரைச் சுற்றி வைத்திருக்கிற காற்று வளையம் தளர்ந்து, குளிர் கீழே வழிகிறது என்று ஒரு பகுதி விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல இன்னும் ஆதாரம் போதாது என்கிறார்கள் மற்றவர்கள். சூடாவதில் அவர்களுக்குள் சண்டையில்லை, இந்த ஒரு விசயத்தில்தான்.

எங்கள் மாண்டஸ் குளிரைக் காலநிலை மாற்றம்தான் கொண்டுவந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்கு வேறொரு கோபம் இருக்கிறது. காலநிலை மாற்றம் என்று சொன்னவுடன் எல்லோருக்கும் கை சுத்தமாகிவிடுகிறது. மழைக்கால நெல், காலபோகம், விதைத்தால் வயலுக்குள் மாடு விட முடியாது. மேய்ச்சல் தரை கேட்டுக் கேட்டு எங்கள் ஆட்களுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. காட்டுக்கரைக்குக் கொண்டுபோனால் அங்கே எல்லைக்கல். மிஞ்சினது அந்தப் பள்ளம்தான். தண்ணீர் தேங்கும் என்று தெரிந்துதான் அங்கே நின்றன. ஐயாவின் சிநேகிதர் ஒருவருக்கு ஓலைக் கொட்டில் இருந்தது, மூன்று பக்கம்தான் அடைப்பு. அவருக்கு ஒரு மாடுகூட விழவில்லை.

போன மாதம் எகிப்தில், ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில், இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதி என்று ஒத்துக்கொண்டார்கள். நல்ல விசயம், முப்பது வருசமாகக் கேட்டது. ஆனால் ஷார்ம் எல் ஷேக்கிலிருந்து எங்கள் ஒட்டுசுட்டான் வரை அந்தக் காசு வரும்போது, காதில் தோடில்லாத கன்றை யார் எழுதுவார்கள்?

ஐயாவிடம் முன்பு இப்படி நடந்ததா என்று கேட்டேன். 1964 மார்கழிப் புயலில் அவருக்கு எட்டு வயது. 2008 நிஷா புயலில் தறப்பாளுக்குள் இருந்தோம். "வெள்ளம் கொண்டு போனதைக் கண்டிருக்கிறன். நிண்ட நிலையில விறைச்சுச் செத்ததை இப்பதான் காணுறன்." அப்புறம் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

டிசம்பர் 20, செவ்வாய்

சுட்டி தவிடு தின்றது. பாதி.

டிசம்பர் 23, வெள்ளி

அண்ணா நேற்று இரவு லொறியோடு பஃபலோவுக்குப் போனான். அமெரிக்கா முழுக்கப் பெரிய குளிர்ப்புயலாம். செய்தியில் பஃபலோ பெயரைக் கேட்டதும் போன் எடுத்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை.

டிசம்பர் 24, சனி

எடுக்கவில்லை. இப்போது மணியும் போகவில்லை.

எல்லைப் பாலங்களை மூடிவிட்டார்களாம். கார்களுக்குள் ஆட்கள் அகப்பட்டிருக்கிறார்களாம். ஈரி ஏரி இன்னும் உறையவில்லை, அதன் மேலால் வருகிற குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டுபோய் அந்த ஊரின் தலையிலே பனியாகக் கொட்டுகிறது என்று வாசித்தேன். எதற்காக இதையெல்லாம் வாசிக்கிறேன்?

அண்ணி அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. லொறிக்குள் ஹீற்றர் இருக்கும், கம்பளி வைத்திருப்பான், எண்ணெய் நிரப்பித்தான் போயிருப்பான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறா. எனக்கு அந்த நடுக்கம் நின்ற நேரம்தான் வருகிறது.

ஐயாவுக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் 25, ஞாயிறு

இங்கே மறுபடியும் தாழமுக்கம், திருகோணமலைப் பக்கம். மழை. ஐயா மாடுகளை வீட்டு முற்றத்துக்கே கொண்டுவந்துவிட்டார். திண்ணை வரை மாடு. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுட்டியின் பக்கத்தில் இருந்தேன். அதன் வயிற்றுச் சூட்டில் முதுகைச் சாய்த்தேன், அது விட்டது.

ஐயா வந்து "அவன் எடுத்தவனே?" என்று கேட்டார். எப்படியோ தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 26, திங்கள்

சுனாமி நாள். முல்லைத்தீவுக் கரையில் விளக்கேற்றினார்கள். நான் போகவில்லை.

இரவு 9.40க்கு அண்ணா எடுத்தான். லொறியைத் தெருவோடு விட்டுவிட்டு, தெரியாத ஒரு வீட்டில் இரண்டு நாள். அவர்கள்தான் கதவைத் தட்டிக் கூட்டிப்போனார்களாம். போனில் சார்ஜ் இல்லை, அங்கே கறண்டும் இல்லை. நாலு அடிக்கு மேல் பனி. குரல் அடைத்திருந்தது. "தங்கச்சி, காது விறைச்சால் முதலில நோகும், பிறகு நோகாது" என்றான். நான் தெரியும் என்றேன். கனநேரம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை, போனையும் வைக்கவில்லை.

டிசம்பர் 28, புதன்

திருவெம்பாவை தொடங்கிவிட்டது. விடிய நாலரைக்குச் சங்குச் சத்தம்.

டிசம்பர் 29, வியாழன்

ஐயா முற்றத்து வடக்குப் பக்கம் அலவாங்கால் குழி போடுகிறார், ஆறு குழி. காற்று வருகிற பக்கத்தை முதலில் அடைக்க வேண்டுமாம். இரண்டு குழிக்குள் ஏற்கனவே தண்ணீர் ஊறிவிட்டது. பேணியால் அள்ளி வெளியே ஊற்றினேன். கிடுகு நாளைக்கு வரும் என்றார்கள்.

வானம் மூடிக்கிடக்கிறது.