ஆயிரம் பார்வைக்கு இருபது சென்ட்

2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபோது நான் சென்னையில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். விளம்பரதாரர்களையும் இணையத் தளங்களையும் இணைக்கும் அமெரிக்க விளம்பர நெட்வொர்க் ஒன்றுக்கான வேலை. பேனர்களைத் தளங்களில் ஏற்ற வேண்டும், ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கவனிக்க வேண்டும், மாதம் முடிந்ததும் இம்ப்ரெஷன் கணக்கை, அதாவது விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதை, ஒத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முந்தைய வருஷம்தான் இணைய விளம்பர நிறுவனமான டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக கூகுள் அறிவித்திருந்தது. எங்கள் தொழிலுக்கு அப்படியொரு மவுசு. 2008 அக்டோபரில் எல்லாம் மாறிவிட்டது. முதலில் வீட்டுக் கடன் விளம்பரங்கள் நின்றன. அப்புறம் வங்கிகள், கார்கள். ஷிஃப்டுக்கு வந்து உட்கார்ந்தால் 'உடனே நிறுத்தவும்' என்ற மெயில்கள்தான்.

விளம்பரம் நின்றாலும் படிக்க வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். 300க்கு 250 பிக்சல் பெட்டியில் ஏதாவது போட்டாக வேண்டும். ஆயிரம் பார்வைக்கு இரண்டு டாலர் கிடைத்த இடத்தில் ரிங்டோனும் எடை குறைக்கும் மாத்திரையும் இருபது சென்ட்டுக்கு ஓடின. ஏற்றியது நான்தான். உழைத்து எழுதிய பக்கங்களில் அவற்றைப் பார்க்க மனசு கஷ்டப்பட்டது.

அதைவிடக் கஷ்டம், பணம் வரும் வழி. விளம்பரதாரர் ஏஜென்சிக்குக் கொடுக்க வேண்டும், ஏஜென்சி நெட்வொர்க்குக்கு, நெட்வொர்க் தளத்துக்கு. விளம்பரதாரர் கொடுத்தால்தான் தாங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே ஏஜென்சிகள் எழுதிக்கொள்வதுண்டு. விளம்பரம் எத்தனை முறை ஓடியது என்று ஏஜென்சியின் சர்வரும் எங்கள் சர்வரும் தனித்தனியாக எண்ணும்; இரண்டின் எண்ணிக்கையும் எப்போதும் கொஞ்சம் வேறுபடும். 10 சதவீதத்துக்குள் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த மாதங்களில் 3 சதவீத வித்தியாசத்துக்கே ஏஜென்சிகள் பில்லை நிறுத்தி வைத்தார்கள். எண்ணிக்கை வெறும் சாக்கு, கையில் காசில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

அமெரிக்காவில் இணைய விளம்பர வருமானம் 2008இல் 2,340 கோடி டாலர், 2009இல் 2,270 கோடி. மொத்தத்தில் சின்னச் சரிவுதான். சமையல் குறிப்புத் தளம் நடத்திய ஒரு அம்மாவுக்கு அது சின்னதாக இல்லை. மூன்று மாதப் பணம் பாக்கி. "விளம்பரத்தை ஜனங்கள் பார்த்தார்கள்தானே?" என்று எழுதியிருந்தார்.

பார்த்தார்கள். நாள்வாரியாக ரிப்போர்ட் எடுத்து அவருக்கும் எங்கள் கணக்குப் பிரிவுக்கும் அனுப்பினேன். வாரா வாரம் நினைவூட்டினேன். ஜூனில் பாதிப் பணம் போனது. மீதி, நான் அந்த வேலையை விடும்வரை போகவில்லை.