பண்ருட்டி முந்திரி ஆலைகளைத் தேசியத் தரவில் தேடியபோது

சொந்த ஊர் கடலூர். புதுச்சேரியில் பொருளியல் ஆய்வு மாணவன். எடுத்துக்கொண்ட தலைப்பு முந்திரி பதப்படுத்தும் தொழில்: பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கிற இடங்களின் உற்பத்தித் திறன் எப்படி இருக்கிறது, வியட்நாமோடு ஒப்பிட முடியுமா என்பதுதான் கேள்வி. இதற்கு மாநில மொத்தம் உதவாது. ஒவ்வோர் ஆலைக்கும் எத்தனை ஆள், என்ன கூலி, எவ்வளவு கொட்டை வாங்கினார்கள், எவ்வளவு பருப்பு விற்றார்கள் என்று தனித்தனியாக வேண்டும்.

கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது, சி.எம்.ஐ.இ. என்ற தனியார் தரவு நிறுவனம் நடத்தும் பிரௌவஸ் என்ற கம்பெனிக் கணக்குத் தரவுத்தளம். சந்தா கட்ட வேண்டும். அது கிடைத்தாலும் அதில் இருப்பவை கணக்கு தாக்கல் செய்யும் கம்பெனிகள்தான். நம் ஊரில் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் ஆலைக்கு அங்கே இடமில்லை. அதோடு அதை விட்டுவிட்டேன்.

அடுத்தது ஏ.எஸ்.ஐ. எனப்படும் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்தால் ஆலைவாரித் தரவு இலவசம். சந்தோஷமாக இறக்கப் போனவனை என் நெறியாளர் நிறுத்தினார். “முதல்ல யாரையெல்லாம் கணக்குல எடுத்திருக்காங்கன்னு பாருப்பா, அப்புறம் இறக்கலாம்” என்றார். சரியாகத்தான் சொன்னார். நான் பார்த்த ஆண்டுகளின் தரவில் இடம்பெற, மின்சாரம் உள்ள ஆலை என்றால் குறைந்தது 10 பேர், மின்சாரம் இல்லையென்றால் 20 பேர் வேலை செய்திருக்க வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் பதிவாகியிருக்கவும் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நாலு பெண்கள் தோல் உரிக்கும் இடம் இதில் வராது.

வருகிற ஆலைகளைப் பிரித்தெடுப்பதிலும் வேலை இருக்கிறது. தொழில்களுக்கு எண் கொடுக்கும் தேசியத் தொழில் வகைப்பாடான என்.ஐ.சி. 2008இல் நாலிலக்கக் குறியீடு 1079 என்று எடுத்தால் டீத்தூள், காபி, மசாலா, அப்பளம் எல்லாம் முந்திரியோடு சேர்ந்து வந்து நிற்கும். ஐந்தாம் இலக்கம் வரை போய் 10793 எடுத்தால்தான் முந்திரி போன்ற உண்ணும் கொட்டை வகைகள் மட்டும் கிடைக்கும். அதிலும் முந்திரியைத் தனியாக்க, ஆலை என்ன பொருள் விற்றது என்று சொல்லும், வினாத்தாளின் ஜே பிளாக் என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிளாக்கும் தனிக் கோப்பு என்பதால் ஆலையின் வரிசை எண்ணை வைத்து, அடையாள விவரங்கள் உள்ள ஏ பிளாக்கோடு இணைக்க வேண்டியிருக்கும். ஜே பிளாக்கில் பொருள்களுக்குக் கீழே மொத்தம் என்று ஒரு வரியும் உண்டு. அதை நீக்காமல் கூட்டினால் விற்பனை இரட்டிப்பாகிவிடும். கணக்கெடுத்த ஓர் ஆலை எத்தனை ஆலைகளுக்குப் பிரதிநிதி என்று காட்டும் எண்ணான மல்டிப்ளையரைப் பெருக்காமல் எந்தச் சராசரியும் எடுக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் மாவட்டம். ஒரே ஆலையை ஆண்டுதோறும் தொடரும் பேனல் தரவு 1998-99 முதல் உண்டு, ஆனால் அதில் மாவட்டக் குறியீடு கிடையாது. பழைய ஆண்டுகளின் தனித்தனிக் கோப்புகளில் மாவட்டம் உண்டு, தொடர்ச்சி இல்லை. ஆலையை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பது நியாயமான காரணம்தான். என்றாலும் கடலூரைத் தேடுகிறவனுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். போதாததற்கு, பாகூர்ப் பக்கம் ஓர் ஆலை இருந்தால் அதன் மாநிலக் குறியீடு 34, புதுச்சேரி. இந்தப் பக்கம் வந்தால் 33, தமிழ்நாடு.

வியட்நாம் ஒப்பீட்டுக்கு உலக வங்கி பல நாடுகளில் நிறுவனங்களிடம் நடத்தும் என்டர்பிரைஸ் சர்வேயைப் பார்த்தேன். நாடு எதுவானாலும் ஏறக்குறைய ஒரே வினாத்தாள் என்பது இதன் பெரிய பலம்; மின்வெட்டு, கடன், லஞ்சம் வரை கேட்கிறார்கள். இந்தியாவில் 2014இல் 9,281 நிறுவனங்கள். ஆனால் குறைந்தது 5 பேர் வேலை செய்யும், முறையாகப் பதிவான நிறுவனங்கள் மட்டுமே. உணவுத் தொழில் முழுவதையும் எடுத்தால் ஒப்பிடலாம், முந்திரியை மட்டும் பிரித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதில் “தெரியாது” என்ற பதிலுக்கு -9 என்று போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டுத்தான் எந்தக் கணக்கும்.

கொட்டகைகள் கிடைப்பது ஏ.எஸ்.யூ.எஸ்.இ.யில்தான். கம்பெனியாகப் பதிவாகாத, ஏ.எஸ்.ஐ.யில் வராத சிறு தொழில்களுக்கான கணக்கெடுப்பு இது. முன்பு 2010-11, 2015-16 என்று எப்போதாவது நடந்தது, 2021-22 முதல் தொடர்ந்து வருகிறது. வரவு செலவைப் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குத்தான் கேட்கிறார்கள். சீசன் தொழிலுக்கு இது ஆபத்து: மே மாதம் போய்க் கேட்டால் ஒரு கணக்கு, ஐப்பசி மழையில் கேட்டால் வேறு கணக்கு.

கடைசியில் பெரிய ஆலைக்கு ஏ.எஸ்.ஐ., சிறியதற்கு ஏ.எஸ்.யூ.எஸ்.இ., இரண்டையும் தமிழ்நாடு அளவில் மட்டும் என்று முடிவானது. பண்ருட்டிக்கு நானே வினாத்தாளோடு போகிறேன். காடாம்புலியூரில் ஓர் ஆலைக்காரரிடம் ஆண்டு உற்பத்தியைக் கேட்டேன். “வருஷக் கணக்கெல்லாம் யாரு தம்பி வச்சிருக்கா, மூட்டைக்குக் கேளு, சொல்றேன்” என்றார். அதனால் இப்போது என் கேள்விகள் எல்லாமே 80 கிலோ மூட்டைக்குத்தான்: எத்தனை கிலோ முழுப் பருப்பு, எவ்வளவு உடைசல், உரிக்க எத்தனை ஆள், கூலி எவ்வளவு.