பிகெமோத்தின் வால்

இன்று ஞாயிறு பள்ளியில், பிகெமோத் என்னும் பெரிய விலங்கை வருணிக்கும் வேதாகமத்தின் யோபு 40-ஆம் அதிகாரத்தை வாசித்து முடித்ததும், சட்டையில் டைனோசர் படம் போட்டிருந்த ஒரு சிறுவன், “பிகெமோத்னா இதுதானே, அக்கா?” என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினான்.

கேதுரு மரம்போல வாலை நீட்டும் விலங்கு என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பிகெமோத் என்று பலர் கருதும் நீர்யானைக்கோ வால் மிகவும் குட்டை.

அமெரிக்காவின் கென்டக்கியில் 2007-இல் திறக்கப்பட்ட படைப்பு அருங்காட்சியகம், ஆறாம் நாளில் மனிதனோடு டைனோசர்களும் படைக்கப்பட்டன என்றே காட்டுகிறது. அவர்கள் கணக்கில் பூமியின் வயது ஏறத்தாழ 6,000 ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்ததோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்.

எனக்கோ, நாணல் மறைவிலும் சேற்றிலும் படுத்து, ஆறு பெருகி வந்தாலும் பதறாத அந்த உடலை வாசிக்கும்போதெல்லாம் நீர்யானையே கண்முன் நிற்கிறது. அடுத்த அதிகாரத்தில் வரும், வாயிலிருந்து தீப்பொறி பறக்கும் லிவியாதான் என்னும் நீர்விலங்கைக் கவிதையாகவே ஏற்கிறேன்.

விசுவாசம் எலும்புகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1824-இல் மெகலோசாரஸ் என்னும் டைனோசரை முதன்முதலாக விவரித்த வில்லியம் பக்லண்ட், ஆங்கிலிக்கன் குருவானவர்தான். ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கும் படைப்பின் ஆறு நாட்களுக்கும் இடையே நெடுங்காலம் கடந்திருக்கலாம் என்று வெளிப்படையாக எழுதிய அவர், 1845-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் டீனாகவும் (தலைமைக் குருவாகவும்) ஆனார்.