கறுப்பு இல்லாத ஆறு

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் 'லா யோல்' (சிறு படகு) ஓவியம் ஒரு கலைக் காலண்டரின் கோடைப் பக்கத்துக்காக, படங்களை அச்சுக்குத் தயார்செய்யும் எங்கள் பிரிபிரஸ் பிரிவுக்கு வந்தது. 1875இல் வரைந்த படம். 71 செ.மீ. உயரம், 92 செ.மீ. அகலம். லண்டன் நேஷனல் கேலரி 1982இல் வாங்கி வைத்திருக்கிறது. சேன் நதியில் ஆரஞ்சு நிறப் படகு, அதில் இரண்டு பெண்கள். தூரத்தில் ஒரு பாய்மரப் படகு, கரையில் வீடு, ரயில் பாலம், அதன் மேல் வரும் ரயில். எங்கும் வெயில்.

முதல் ப்ரூஃபில், அதாவது மாதிரி அச்சில், அந்த வெயிலைக் காணோம். மை அளவு எண்களைச் சரிபார்த்தால் எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தன. படகுதான் மங்கல் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மெஜந்தா (ரோஜாச் சிவப்பு) மையையும் மஞ்சளையும் ஏற்றிவிடலாம் என்பதுதான் சட்டென்று தோன்றும் வழி. ஆனால் அந்த ஆரஞ்சு, சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு வண்ண அச்சில் ஓரளவு நன்றாகவே வரும். எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம்.

கறுப்பு பிளேட்டை, அதாவது கறுப்பு மை மட்டும் விழும் தகட்டின் படத்தை, தனியாகத் திறந்து பார்த்தேன். ஆறு முழுக்கச் சாம்பல் புள்ளிகள். சாஃப்ட்வேர் தன் வேலையைச் செய்திருந்தது: சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சேர்ந்து சாம்பலாகும் பங்கைக் கழித்து, அந்த இடத்தில் கறுப்பை வைத்துவிடும். மை மிச்சமாகும், மெஷினில் நிறம் ஆடாது. பிஸ்கட் அட்டைக்கும் துணிக்கடை நோட்டீசுக்கும் அது நல்ல ஏற்பாடு. இந்தப் படத்துக்கு அது ஆகாது. ரெனுவார் இதில் கறுப்பைத் தொடவே இல்லை, மண் நிறங்களையும் தொடவில்லை. ஈய வெள்ளையோடு கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை, குரோம் மஞ்சள், குரோம் ஆரஞ்சு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வண்ணங்கள்தான். தண்ணீரின் ஆழமும் நிழலும் நீலத்தாலேயே ஆனவை. பெரிதாக்கிப் பார்த்தால் படகின் ஓரத்தில் கலப்பில்லாத ஆரஞ்சுக் கோடு. அதை ஒட்டியே கலப்பில்லாத நீலத் தீற்றல்கள். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கின்றன.

இந்த விஷயத்தை விளக்கியவர் ஒரு தொழிற்கூடத்துக்காரர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பாரிஸின் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல். கறுப்புச் சாயம் வலுவாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார்; சாயத்தில் பழுதில்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் அதை அப்படிக் காட்டின. 1839இல் அதை நூலாகவே எழுதினார். வாடிக்கையாளரின் புகாரை இவ்வளவு மரியாதையோடு எடுத்துக்கொண்ட மனிதரைப் படிக்கும்போது கை கூப்பத் தோன்றுகிறது.

ஆகவே படகை விட்டுவிட்டு ஆற்றைத் திருத்தினேன். தண்ணீர்ப் பகுதியில் கறுப்பை ஏறக்குறைய முழுதுமாக எடுத்தேன். நீலத்தை அழுக்காக்கும் மஞ்சளையும் குறைத்து, சியானையும் மெஜந்தாவையும் நம்பினேன். அந்த இரண்டு மைகளும் கோபால்ட் நீலத்தின் பளிச்சை எட்டாது, நெருங்கலாம், அவ்வளவுதான்.

மெஷின்மேன் அண்ணன் ஷீட்டைப் பார்த்ததுமே கேட்டார்: "தம்பி, கறுப்பை எடுத்துட்டா கலர் மை ஏறுமே. காய நேரமாகும். அடுக்குனா பின்பக்கம் ஒட்டிக்குமே?"

"சின்னச் சின்ன அடுக்கா வைப்போம்ணே. அவசரமில்லைன்னு ஆபீஸ்ல பேசிட்டேன்."

அவர் வேகத்தைக் குறைத்து, சியானைக் கண்ணாலேயே பிடித்து ஓட்டினார். அந்த நீலத்தில் பாதி அவருடைய உழைப்பு. படகில் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. ஆனாலும் ஆரஞ்சு எழுந்து நின்றது.

அதே காலண்டரில் இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மானேயின் படமும் ஒன்று: 1874இல் அர்ஜாந்தே என்ற ஊரில், படகையே ஓவியக்கூடமாக்கி அமர்ந்திருக்கும் சக ஓவியர் மோனேயை வரைந்தது. ஆறு அதே சேன்தான். ஆனால் மானே கறுப்பை ஆசையாகக் கையாண்டவர். அங்கே கறுப்பு பிளேட்டை வந்தபடியே விட்டேன்.