அந்த அக்கா கேட்டத நான் எழுதல

2023ல நடந்தது, இன்னும் மனசுல கெடந்து அரிக்குது, அதனாலதான் எழுதுறேன்.

இலங்கை மலையகத்துல கெஹெல்கமு ஓயாங்கிற ஆத்து ஓரமா குப்பை கணக்கெடுத்துக்கிட்டு இருந்தோம், கடலுக்கு என்னென்ன போய்ச் சேருதுன்னு பாக்குற வேலை. இந்த ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேந்துதானே களனி கங்கை, 145 கிலோமீட்டர் ஓடி மட்டக்குளி பக்கம் கடல்ல விழுது. மேல தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல இருந்து, ஒரு அக்கா சொப்பிங் பேக் நெறைய பெம்பர்ஸோட எறங்கி வந்தாங்க. நான் உடனே, அக்கா இதெல்லாம் கடலுக்குப் போயிரும், போடாதீங்கன்னேன்.

அவங்க கோவப்படல. "சரி தம்பி, போடல. எங்க போடுறதுன்னு நீங்களே சொல்லுங்க. பிரதேச சபை குப்பை லொறி ரோட்டோட போயிருது, லயத்துக்கு ஏறி வராது." பேக்க என் பக்கமா நீட்டிக்கிட்டே கேட்டாங்க. நான் சபைக்கு ஒரு கடிதம் குடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எங்க வேன் பின்னாடி காலியாதான் இருந்துச்சு. அத வாங்கி வச்சிருக்கலாம். ஒரு பேக்க எடுத்தா நாளைக்கு எல்லா லயத்துலயும் எடுக்கணுமேன்னு அப்ப நெனச்சேன், அது நியாயம்தான், ஆனா அந்த நியாயத்த சொல்ற நேரத்துல பேக்கயே வாங்கிருக்கலாமே.

அத விட நாங்க நிரப்புற கணக்கெடுப்பு ஃபோர்ம்தான் உறுத்துது. காரணம்ங்கிற எடத்துல "விழிப்புணர்வின்மை"ன்னு ஒரு கட்டம், அதுக்கு சரி போட்டேன். அந்த அக்காவுக்கா விழிப்புணர்வு இல்ல? கீழ குறிப்பு எழுத நாலு வரி எடம் இருந்துச்சு, அதுல ஒண்ணும் எழுதல. மழை, இருட்டிருச்சு, இன்னும் ஃபோர்ம் பாக்கி, இதெல்லாம் உண்மைதான். ஆனா 1987 பிரதேச சபை சட்டத்துல தோட்டத்துக்குள்ள சபை செலவு பண்ண முடியாம இருந்ததும், அத 2018லதான் மாத்துனாங்கங்கிறதும் எனக்கு அன்னைக்கே தெரியும். நானும் லயத்துல பொறந்தவன்தானே.

2021ல எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்சு பிளாஸ்டிக் மணி கரை முழுக்க ஒதுங்குனப்ப யாரக் கேக்கணும்னு தெரிஞ்சுச்சு, கப்பலுக்கு கம்பனி இருக்கு, 2025 ஜூலைல உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் கட்டச் சொல்லுச்சு. கடல பாத்துக்க 2008ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, தனியா ஒரு அதிகார சபையே இருக்கு. மலையில ஓயாவுல விழுற பேக்குக்கு யாரக் கேக்குறது? சபை தோட்டத்த காட்டும், தோட்டம் சபைய காட்டும், கடைசில என் ஃபோர்ம் அந்த அக்காவ காட்டிருச்சு. கடல காப்பாத்துற வேலை முக்கியம்னு இப்பவும் முழுசா நம்புறேன், அதனாலதான் அந்த சரி அடையாளம் இவ்வளவு வலிக்குதோ என்னமோ.

இப்ப புதுசா வர்ற பிள்ளைகள்கிட்ட அந்தக் கட்டத்த காலியா விட்டுட்டு, ஆளுங்க சொன்னத குறிப்புல எழுதச் சொல்றேன். காலியா வந்தா கணக்குல சேராதுன்னு மேல இருந்து திருப்பி அனுப்புறாங்க. போன வாரமும் ரெண்டு ஃபோர்ம் திரும்பி வந்துச்சு, ஒண்ணுக்கு நானே சரி போட்டு அனுப்பிட்டேன், மத்தது இன்னும் மேசையிலதான் கெடக்கு.