பாரிஸ் 2024: லெடக்கிக்காக விழித்திருந்த இரவுகள்

ஜூலை 28, ஞாயிறு

ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல் இறுதி முடிந்தபோது நம்மூரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆஸ்திரேலியாவின் டிட்மஸ் தங்கம், 17 வயது கனடாப் பெண் மெக்கின்டோஷ் வெள்ளி, அமெரிக்காவின் கேட்டி லெடக்கிக்கு வெண்கலம், 4:00.86. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இதே தூரத்தை 3:56.46-ல் முடித்து உலக சாதனை படைத்தவர். காலையில் வாட்ஸாப்பைத் திறந்தால், ‘ஆட்டம் முடிஞ்சுது’ என்று ஆளாளுக்கு இரங்கல் செய்தி. 400 அவருக்குக் குறுகிய தூரமப்பா. புதன் ராத்திரி 1500 மீட்டர் இறுதி வரை பொறுங்கள்.

ஜூலை 30, செவ்வாய்

இன்று 1500-க்குத் தகுதிச்சுற்றுதான். 2020-ல் வந்த லெடக்கியின் அந்தப் பழைய வீடியோவை மறுபடி பார்த்தேன். தலையில் ஒரு டம்ளர் சாக்லேட் பால். குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீந்துகிறார். தோளும் கையும் சுழல்கின்றன, தலை மட்டும் இம்மியும் ஆடவில்லை. கரை சேர்ந்ததும் பாலை எடுத்துக் குடிக்கிறார். பந்தயத்தில் மூச்சுக்காக வலப்பக்கம் எழும் அந்தத் தலையா இது!

ஆகஸ்ட் 1, வியாழன்

1500 மீட்டரில் லெடக்கிக்குத் தங்கம், 15:30.02, ஒலிம்பிக் சாதனை. தூக்கம் வராமல் வந்து உட்கார்ந்த அப்பா, “மத்தவங்கல்லாம் எங்கம்மா?” என்றார். கேமராவில் அவர்கள் விழவே இல்லை. இரண்டாவதாக வந்த பிரெஞ்சுக்காரி தொட்டது பத்து விநாடி கழித்து.

எனக்கு ஆற்றாமை வேறு. ஆண்களுக்கு 1908 முதல் ஒலிம்பிக்கில் 1500 உண்டு. பெண்களுக்குச் சேர்த்ததே டோக்கியோவில்தான். ரியோ நடந்தபோது இந்தத் தூரத்தின் உலக சாதனை லெடக்கியிடம் இருந்தது, நீந்தத்தான் பந்தயம் இல்லை. கையில் இருந்த தங்கத்தை அட்டவணை பிடுங்கிக்கொண்டது என்றே சொல்வேன். டோக்கியோவிலும் சோதனைதான்: 200 மீட்டரில் ஐந்தாவதாக வந்து, கொஞ்ச நேரத்திலேயே 1500-க்குக் குதித்தார். அதில் ஜெயித்தார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

800 மீட்டர். இது அப்பா கேட்ட ரகமல்ல. டிட்மஸ் கூடவே வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் திரையில் விநாடியின் பின்னங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லெடக்கி 8:11.04; டிட்மஸ் 8:12.29. லண்டனில் 15 வயதுச் சிறுமியாக இதே 800-ஐ வென்றதும் 2012 ஆகஸ்ட் 3. பாரிஸ் கணக்கில் அதே தேதி. லண்டன், ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று ஒரே பந்தயத்தில் தொடர்ந்து நான்கு தங்கம்.

மொத்தம் ஒன்பது ஒலிம்பிக் தங்கம். சோவியத் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை லாரிசா லத்தினினாவோடு சமம். ரியோ 1500 இருந்திருந்தால் இன்றைக்கே பத்து ஆகியிருக்கும், விடமாட்டேன். 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் நீந்த ஆசையாம். அப்போது வயது 31.