மடித்தால் ஒன்று, திருப்பினால் ஒன்று

ஜனவரி 6

மூன்றாம் வகுப்புக்கு இந்த வாரம் கணக்கில் சமச்சீர் (symmetry). பாதிப் பட்டாம்பூச்சி அச்சடித்த தாளைக் கொடுத்து மீதியை வரையச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இடது சிறகை அப்படியே பார்த்து வலது பக்கமும் போட்டுவிடுவார்கள். இரண்டு சிறகும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் பென்சிலே வேண்டாம் என்றேன். தாளை மடித்துப் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் போஸ்டர் கலர், மறுபடி மடித்து ஒரு அழுத்து. கலரில் தண்ணீர் கூடினால் தாள் ஊறிக் கிழிந்துவிடும், கெட்டியாகவே இருக்க வேண்டும்.

பெயரின் முதல் எழுத்தை எழுதச் சொன்னேன். தாளைப் பிரித்ததும் ஒரு பையன், "என் 'க' முதுகைக் காட்டுது டீச்சர்" என்று சிரித்தான். 'ப' எழுதியவளுக்கோ பக்கத்திலும் 'ப'தான். "எனக்கு மட்டும் ஏன் மாறல?" அப்புறம் பாடம் தானாக ஓடியது. 'ட' தேறவில்லை, 'ம' தேறவில்லை. எண்களில் 8 தேறியது.

ஜனவரி 7

செவ்வகம். மடிப்புக்கோடு எது என்றால் எல்லோரும் மூலைக்கு மூலை கை காட்டினார்கள். மடித்ததும் முனைகள் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டன. செவ்வகத்துக்கு 2 கோடு, சதுரத்துக்கு 4. சதுரத்துக்கு மட்டும் மூலை ஏன் ஒத்துப்போகிறது என்று தாளைத் திருப்பித் திருப்பி அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஜனவரி 9

மார்கழி முடிவதற்குள் கோலம். "கணக்கு பீரியடில் கோலமா?" என்றார் பக்கத்து வகுப்பு ஆசிரியர். தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே கோலத்தைக் கணினிக்கான இலக்கணமாக, அதாவது வரையும் விதிகளாக, ஆராய்ந்தவர்கள் என்றேன். சரி சரி என்று போய்விட்டார்.

ஒருத்தி போட்ட சிக்குக் கோலத்தில் நான்கு இதழும் ஒரே திசையில் வளைந்திருந்தன. பார்க்க அச்சு அசல் சமச்சீர். கண்ணாடியை நடுவில் நிறுத்தினால் வேறு கோலம் தெரிந்தது. வகுப்பே "தப்பு" என்றது. அவள் விடவில்லை. பட்டர் பேப்பரில் நகல் எடுத்து மேலே வைத்து, நடுப்புள்ளியில் விரலை ஊன்றிக் கால் சுற்றுத் திருப்பினாள். கோடு கோட்டின் மேல் உட்கார்ந்தது. "மடிச்சாத்தான் வேற டீச்சர், திருப்பினா ஒண்ணுதான்."

சுழற்சிச் சமச்சீர் என்ற பெயரை நான் சொல்லவில்லை. அவள் சொன்னதே போதும். திங்கட்கிழமைக்கு எல்லோரும் வாசல் கோலம் ஒன்றை நோட்டில் போட்டு, பக்கத்தில் 'மடி' அல்லது 'திருப்பு' என்று எழுதிவர வேண்டும். இரண்டும் பொருந்தினால் இரண்டையும்.